எகிப்தை மறவாதவர்கள்: யூதர் பண்டிகைகள் புகட்டும் பாடம்

மும்பையில் வாழும் நம்மில் பலர் தினமும் மஸ்ஜித் ரயில் நிலையத்தைக் கடந்து வேலைக்குச் செல்கிறோம். பெயரைக் கேட்டவுடன் அருகில் ஏதோ ஒரு பழைய பள்ளிவாசல் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பெயருக்குக் காரணம் அங்குள்ள யூதர்களின் ஜெபாலயம்தான் என்று இந்நகரின் வரலாறு அறிந்தவர்கள் சொல்வார்கள். அக்காலத்தில் இப்பகுதி மக்கள் யூதர்களின் ஜெபாலயத்தையும் மசூதி என்றே அழைத்தனராம். 'ஷார் ஹரஹமீம்', அதாவது 'கருணையின் வாசல்' என்பது அதன் பெயர். 1796-ஆம் ஆண்டு சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பவர் அதைக் கட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்த அவர், மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு உயிர் தப்பி வந்ததற்கு நன்றியாக அதைக் கட்டினார் என்று அச்சமூகத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

திவேகர் என்பது மராத்தியப் பெயர்போல் இருக்கிறதே என்று கேட்கலாம். அவர் 'பெனே இஸ்ரேல்' எனப்படும் கொங்கணக் கரை யூதர். பல நூற்றாண்டுகளுக்கு முன் அலிபாகுக்கு அருகே நவ்காவ் கடற்கரையில் ஒரு கப்பல் உடைந்தது; அதில் பிழைத்த ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே தங்கள் முன்னோர் என்பது அவர்களின் மரபுக் கதை. தாங்கள் வாழ்ந்த கிராமத்தின் பெயருடன் 'கர்' சேர்த்துக்கொண்டார்கள், மராத்தி பேசினார்கள். எபிரேய மொழியையும் வேத நூல்களையும் ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டார்கள். ஆனால் 'ஷெமா' என்ற ஒரு பிரார்த்தனையும், சனிக்கிழமை ஓய்வும், உணவு விதிகளும், சில பண்டிகைகளும் அவர்களிடம் எஞ்சி நின்றன.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி. நூல் போயிற்று, மொழி போயிற்று. வீட்டுக்குள் செய்துவந்த செயல்கள் நின்றன. இதனால்தான் யூதர்களின் பண்டிகைகளைப் பற்றிச் சில ஆண்டுகளாக நான் ஆர்வத்துடன் படித்து வருகிறேன். மத ஆராய்ச்சி செய்வது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. ஒரு சமூகம் தன் துன்பத்தை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது, அந்த நினைவை எதற்குப் பயன்படுத்தியது என்ற ஒரு கேள்வியை மட்டும் இங்கே நம் இல்லங்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

தோரா என்னும் நூல்

யூதர்களின் மறையில் முதலிடம் பெறுவது தோரா. ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று தமிழ் விவிலியத்தில் நாம் காணும் முதல் ஐந்து நூல்களே அவை. தோலில் கையால் எழுதிய சுருளாக அதனை ஜெபாலயத்தில் பாதுகாக்கிறார்கள். நூலை வாரப் பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் முழுவதையும் வாசித்து முடிக்கிறார்கள். கடைசிப் பகுதியை வாசித்து முடிக்கும் அதே நாளில் ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் வாசித்துவிடுவார்கள். 'படித்து முடித்துவிட்டோம்' என்று சொல்ல ஒரு நாளும் இடமில்லை. அந்த நாளுக்கு 'சிம்ஹத் தோரா' என்று பெயர். சுருளைக் கையில் ஏந்தி ஆடிப் பாடி மகிழ்வார்கள்.

தோராவில் 613 கட்டளைகள் உள்ளன என்பது மரபான கணக்கு. வழிபாடு, உணவு, திருமணம், வேளாண்மை, கடன், கூலி, எடைக்கல் என்று வாழ்க்கையின் எல்லாத் துறைகளும் அதில் வருகின்றன. இன்றைய மனம் ஏற்காத சட்டங்களும் அதில் உண்டு. பழைய நூல்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு கட்டளை திரும்பத் திரும்ப வருவதை யாரும் காணாமல் இருக்க முடியாது. உன் நடுவே வாழும் அந்நியனை ஒடுக்காதே என்பதே அது. இந்த எச்சரிக்கை தோராவில் 36 இடங்களில் வருகிறது என்றும், 46 இடங்களில் வருகிறது என்றும் தால்மூத் என்னும் விளக்க நூலில் அறிஞர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையைவிடச் சொல்லப்படும் காரணமே என்னைப் பெரிதும் கவர்ந்தது. அந்நியனுக்கு நன்மை செய்தால் புண்ணியம் கிடைக்கும் என்றோ, செய்யாவிட்டால் இன்ன தண்டனை என்றோ முதலில் பேசவில்லை. நீங்களும் எகிப்து நாட்டில் அந்நியர்களாக இருந்தவர்கள். ஆகையால் அந்நியனின் மனம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று யாத்திராகமம் நினைவூட்டுகிறது. அனுபவித்துத் தெரிந்தவனுக்குச் சாக்குப்போக்குச் சொல்ல வழியில்லை என்பது அதன் கருத்து.

துன்பத்தின் நினைவு மனிதரிடம் மூன்று விதமாக வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, பெருமையாகும்: 'எவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்தோம் தெரியுமா?' என்று பேசவைக்கும். இரண்டாவது, கசப்பாகும்: 'எங்களுக்கு யார் உதவினார்கள்? இவர்களுக்கு நாங்கள் ஏன் உதவ வேண்டும்?' என்று கேட்கவைக்கும். மூன்றாவது, கடமையாகும். தோரா இந்த மூன்றாவது வழியைக் காட்டுகிறது. யூதப் பண்டிகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவை நினைவைக் கடமையாக மாற்றும் பயிற்சிகளாகவே அமைந்திருப்பது புலப்படும்.

ஓய்வு யாருக்கு?

பண்டிகைகளில் முதன்மையானது ஆண்டுக்கு ஒருமுறை வருவதன்று, வாரந்தோறும் வருவது. வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும்வரை ஓய்வுநாள். வீட்டுத் தலைவி விளக்கேற்ற, குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும்.

பத்துக் கட்டளைகள் தோராவில் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் சொல்லும் காரணம் உலகப் படைப்பு: ஆறு நாளில் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தான் என்பது. உபாகமத்தில் காரணம் மாறுகிறது. நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. அடிமைக்கு ஏது விடுமுறை? ஆகவே ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீளுகிறது. தான் ஓய்ந்திருந்து வேலைக்காரரை உழைக்கவிட்டால் அது ஓய்வுநாளாகாது.

கொங்கணத்துப் பெனே இஸ்ரேலர் செக்காட்டி எண்ணெய் எடுக்கும் தொழில் செய்தவர்கள். சனிக்கிழமை அவர்களின் செக்கு ஓடாது. ஆகவே ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர். வாரத்தில் ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அந்த இழப்பே பெயராக அமைந்தது. எபிரேயம் மறந்துபோன காலத்திலும் அவர்களை அடையாளம் காட்டியது அந்த ஓய்வுதான். கொச்சியிலிருந்து வந்த டேவிட் ரஹபி என்ற யூதர், இவர்களின் ஓய்வுநாள் வழக்கத்தையும், செதிளும் துடுப்பும் உள்ள மீனை மட்டுமே இவர்கள் உண்பதையும் கண்டு, 'இவர்கள் நம்மவர்' என்று அறிந்துகொண்டாராம்.

நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறேன். பாத்திரம் துலக்க வரும் பாயிக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு? நமக்குத் தீபாவளி, பொங்கல் என்றால் நாம் அலுவலகத்துக்கு விடுப்புப் போடுகிறோம். அவருக்கோ அன்றுதான் வேலை இரட்டிப்பாகிறது. அவர் ஊருக்குப் போய் இரண்டு நாள் தாமதமாகத் திரும்பினால் சம்பளத்தில் பிடிக்கிறோம். எகிப்தியர் கொடியவர்களாக மட்டும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது வழக்கமாகிப் போயிருக்கும்.

கேள்வி கேட்கும் குழந்தை

பஸ்கா என்று தமிழ் விவிலியம் குறிப்பிடும் பண்டிகையை யூதர்கள் பெசாக் என்கிறார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசே மக்களை வெளியே அழைத்து வந்ததன் நினைவுநாள். நிசான் மாதத்து முழுநிலவன்று, ஏறத்தாழ நம் பங்குனி, சித்திரையில் வரும். பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்த அலுவலக நண்பர் ஒருவர் ஓர் ஆண்டு தாணேயில் உள்ள தம் வீட்டுக்கு இந்த விருந்துக்கு என்னை அழைத்திருந்தார்.

மேசையின்மேல் வைத்திருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொருள் உண்டு. புளிப்பில்லாத மட்ஸா அப்பம்: மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் புறப்பட்ட அவசரத்தின் அடையாளம், அடிமைகளின் உணவும் அதுவே. கசப்புக் கீரை: அந்த வாழ்வின் கசப்பு. உப்புநீர்: கண்ணீர். வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்ற பொருளில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். குழந்தை கேட்ட பிறகே பெரியவர்கள் கதையைத் தொடங்குவார்கள். குழந்தை கேட்பதற்காகவே அன்றைய இரவில் வழக்கத்துக்கு மாறான பலவற்றைச் செய்கிறார்கள் என்று நண்பர் விளக்கினார். நாமோ பிள்ளைகள் கேள்வி கேட்டால், 'பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்கிறோம்' என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

அன்று படிக்கும் நூலுக்கு 'ஹகதா' என்று பெயர். அதில் நான்கு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள்: அறிவாளி, பொல்லாதவன், எளியவன், கேட்கத் தெரியாதவன். பொல்லாதவன் ஏன் பொல்லாதவன்? அவன் திருடவில்லை, அடிக்கவில்லை. இந்தச் சடங்கு உங்களுக்கு எதற்கு என்று கேட்டு, 'உங்களுக்கு' என்ற ஒரே சொல்லால் தன்னை வெளியே நிறுத்திக்கொண்டான். அதுதான் குற்றம். ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து வெளியே வந்ததாகக் கருத வேண்டும் என்று அந்நூல் வலியுறுத்துகிறது.

நண்பரின் தந்தையார் மராத்தியில் கதை சொன்னார். தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் வேறுபாடு இருப்பது போலவே மராத்தியிலும் உண்டு: 'ஆபண்' என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'ஆம்ஹி' என்பது சேர்த்துக்கொள்ளாது. பெரியவர் கதை முழுவதும் 'ஆபண்' என்றே சொன்னார். விருந்தாளியாக வந்த தமிழனையும் சேர்த்துக்கொண்டுதான் அன்று செங்கடலைக் கடந்தார்கள்!

இந்த மராத்திக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. 1874-இல் பூனாவில் எபிரேயமும் மராத்தியும் சேர்ந்த, படங்களுடன் கூடிய ஹகதா ஒன்று அச்சாயிற்று. அதில் மட்ஸா அப்பம் செய்யும் பெண்கள் நம் நாட்டுச் சேலையில் காட்சி தருகிறார்கள். மறைமொழி புரியாத பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டிராமல், அவர்களுக்குப் புரியும் மொழியில் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூலத்தையும் பக்கத்திலேயே வைத்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத நம் பேரப்பிள்ளைகளை எண்ணிக் கவலைப்படும் நமக்கு இதில் ஒரு வழி தெரிகிறது.

அன்றைய இரவில் இரண்டு செயல்கள் என் மனத்தில் தங்கின. கதை தொடங்குமுன்னரே, பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்ற பொருளில் ஓர் அழைப்பை வாசிக்கிறார்கள். விடுதலையின் கதையைச் சொல்வதற்கு முன் பிறர் பசி நினைவுக்கு வர வேண்டும். அடுத்து, எகிப்தின்மேல் விழுந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தைச் சிந்துகிறார்கள். இதற்குப் பலரும் கூறும் விளக்கம்: நம்மை அடிமைப்படுத்தியவரே ஆனாலும், அவர்கள் பட்ட துன்பத்தின்போது நம் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது. எகிப்தியர் கடலில் மூழ்கியபோது தேவதூதர்கள் பாட விரும்பினார்கள் என்றும், தன் படைப்புகள் மூழ்கும்போது பாட்டு எதற்கு என்று இறைவன் கடிந்துகொண்டான் என்றும் தால்மூத் ஒரு கதை சொல்கிறது. எதிரியின் அழிவைக் கொண்டாடாத வெற்றி விழாவைப் பிள்ளைகள் காண்பது நல்லது.

வயலின் ஓரம்

பஸ்கா தொடங்கி ஏழு வாரங்கள் கழித்து வருவது ஷாவுவோத் என்னும் வாரங்களின் பண்டிகை. சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாள் என்று கொண்டாடுவார்கள். அது அறுவடைத் திருநாளுமாகும். அன்று வாசிக்கும் நூல் ரூத்தின் கதை. ரூத் மோவாப் நாட்டுப் பெண். யூதக் குலத்தில் பிறந்தவளல்லள். கணவன் இறந்த பின்னும் மாமியார் நகோமியைத் தனியே விட மனமில்லாமல் அவளுடன் பெத்லகேமுக்கு வருகிறாள். பிழைக்க வழியில்லை. போவாஸ் என்பவரின் வயலில் அறுப்பவர்களுக்குப் பின்னே சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறாள். பின்னர் அவரையே மணக்கிறாள். அவர்களின் கொள்ளுப்பேரன்தான் தாவீது அரசன். தோரா பெற்ற திருநாளில், தங்கள் பேரரசனின் கொள்ளுப்பாட்டி கதிர் பொறுக்கிய அயல்நாட்டுப் பெண் என்ற கதையை ஒரு சமூகம் ஆண்டுதோறும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது.

ரூத் பொறுக்கியது பிச்சையன்று, உரிமை. அறுக்கும்போது வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, மறந்துவிட்ட அரிக்கட்டுக்காகத் திரும்பிப் போகாதே. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை என்கிறது தோரா. வயலோரம் விளைச்சலில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று பின்வந்த அறிஞர்கள் வரையறுத்தார்கள். ஏழை வீட்டு வாசலில் வந்து கையேந்தி நிற்க வேண்டியதில்லை. தானே வந்து, தானே அறுத்துக்கொண்டு போகலாம்.

கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாகப் பிடிக்கக்கூடாது. அது ஒருவனின் பிழைப்பையே பிடிப்பதாகும். ஏழையின் போர்வை அடகாக வந்தால் இரவுக்குள் திருப்பித் தர வேண்டும். நாள் கூலியைக் கதிரவன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் உயிர் அந்தக் கூலியை நம்பி இருக்கிறது என்று காரணமும் சொல்கிறது.

ஏழைக்குக் கொடுப்பதை எபிரேயத்தில் 'ஸெதாகா' என்பார்கள். நீதியைக் குறிக்கும் 'ஸெதெக்' என்ற சொல்லோடு உறவுடையது. கொடுப்பது இரக்கத்தால் மட்டும் வருவதில்லை. கொடுக்காதிருப்பது அநீதி என்பது அதன் உட்பொருள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவரும் தத்துவ ஞானியுமான மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவரையொருவர் அறியாமல் நடக்கும் கொடை மேலிருந்து இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலான படி, ஒருவனுக்குக் கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து, அவன் இனி யாரிடமும் கேட்க வேண்டாதபடி கைதூக்கி விடுவது. நம் முன்னோர் இந்நகருக்கு வந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் தங்க இடம் தந்து வேலைக்கும் சொல்லி அனுப்பினாரே, அவர் இந்தப் படிகளை அறியாமலேயே உச்சிப் படியில் நின்றவர்.

மனிதரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு

யூதர்களின் புத்தாண்டிலிருந்து பத்தாம் நாள் 'யோம் கிப்பூர்' என்னும் பாவநிவாரண நாள். ஏறக்குறைய 25 மணி நேரம் உணவும் நீரும் இல்லாமல் நோன்பிருந்து பிரார்த்திப்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இறைவனுக்கு எதிராகச் செய்த பிழையைத்தான் அந்த நாள் தீர்க்கும். சக மனிதனுக்குச் செய்த பிழை, அவனிடமே சென்று அவனைச் சமாதானம் செய்யும்வரை தீராது என்று பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. ஒருமுறை கேட்டு அவன் மன்னிக்காவிட்டால் மறுபடியும் போக வேண்டும். மூன்று முறைவரை கேட்க வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ். கோயில் உண்டியலில் போட்டால் தீர்ந்துவிடும் என்று அண்ணன் தம்பியிடம் பேசாமலிருக்கும் குடும்பங்கள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. அவர்களுக்கான விதி இது.

அன்று காலையில் வாசிக்கும் பகுதி இன்னும் கடுமையானது. நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களை வருத்துகிறீர்களே, இது என்ன நோன்பு என்ற பொருளில் ஏசாயா தீர்க்கதரிசி தம் சொந்த மக்களையே கண்டிக்கும் பகுதி அது. பசித்தவனுக்கு உணவு பகிர்வதும் வீடற்றவனை வீட்டில் சேர்ப்பதுமே நோன்பு என்கிறார். தங்களைக் கண்டிக்கும் குரலையே தங்கள் புனித நாளின் வாசகமாக வைத்திருப்பது பெரிய மனத்துணிவு.

யோம் கிப்பூர் முடிந்த ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை தொடங்குகிறது. களஞ்சியம் நிரம்பிய நேரம். அப்போது வீட்டை விட்டு வெளியே வந்து, தழை வேய்ந்த குடிசையில் ஏழு நாள் இருக்க வேண்டும். பாலைவனத்தில் அலைந்த காலத்தின் நினைவு அது. அந்த மகிழ்ச்சியிலும் வேலைக்காரரும் அந்நியரும் அநாதையும் விதவையும் பங்குபெற வேண்டும் என்று தோரா பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. நம் முதல் தலைமுறை ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து, பொதுக் குழாயில் வரிசையில் நின்று இந்நகரில் வேரூன்றியது. இன்று சொந்த பிளாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த அறையை யார் காட்டுவது? ஆண்டில் ஒரு நாளாவது அந்தக் கதையைச் சொன்னால் என்ன?

நாம் கற்க வேண்டியது

நினைவு தானாகவே கடமையாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1948-க்குப் பிறகு பெனே இஸ்ரேலரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று இந்தியாவில் சில ஆயிரம் பேரே உள்ளனர். அங்கே சென்றவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1960-களின் தொடக்கத்தில், இவர்கள் உண்மையான யூதர்களா என்று சந்தேகித்து, இவர்களின் திருமணங்களுக்குச் சில மத அதிகாரிகள் தடை போட்டனர். அவர்கள் போராடிய பிறகு 1964-இல்தான் முழுமையான யூதர்கள் என்று ஏற்கப்பட்டனர். அந்நியனை ஒடுக்காதே என்று 36 முறை படித்தவர்களுக்கே, கடல் கடந்து வந்த சொந்தச் சகோதரர் அந்நியராகத் தெரிந்தனர். ஆகவேதான் அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

நம் கதைக்கு வருவோம். 1960-களின் பிற்பகுதியில் இந்த நகரில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த குரல்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'மதராஸிகள் வந்து நம் வேலையைப் பறித்துக்கொண்டார்கள்' என்று பேசப்பட்ட காலம் அது. நம்மவர் பலர் கடைப் பலகையை இறக்கி வைத்து அஞ்சியிருந்தனர். இன்று நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது காதில் விழுவது என்ன? 'இந்த உ.பி.காரனும் பீகாரியும் வந்துதான் ஊரே கெட்டுவிட்டது' என்று நம்மவரே சொல்கிறார்கள். ஊர்ப் பெயர்தான் மாறியிருக்கிறது, வாசகம் அதுவேதான். 2020-இல் ஊரடங்கின்போது பிழைப்பிழந்து, மூட்டையும் குழந்தையுமாக நெடுஞ்சாலையில் நடந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். முன்பு ரயிலேறி வந்த நம் பாட்டனாரின் கையிலும் அப்படி ஒரு மூட்டைதான் இருந்தது.

நம் குடும்பங்கள் செய்யக்கூடிய சிலவற்றை எனக்குத் தோன்றியபடி சொல்கிறேன். இவற்றில் பெரிய செலவு ஒன்றுமில்லை.

பொங்கலன்றோ புத்தாண்டன்றோ, உணவுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, குடும்பம் இந்நகருக்கு வந்த கதையை வீட்டின் மூத்தவர் தமிழில் சொல்லட்டும். கடைக்குட்டி கேள்வி கேட்கட்டும். புரியாத இடத்தில் இந்தியிலோ மராத்தியிலோ விளக்கினால் குற்றமில்லை. பட்ட துன்பத்தை மட்டும் சொல்லாமல், உதவியவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். அவர்களில் மராத்தியரும் குஜராத்தியரும் முஸ்லிம்களும் இருப்பார்கள்.

வீட்டு வேலைக்கு வருபவருக்கு வாரத்தில் ஒரு நாளோ, மாதத்தில் சில நாட்களோ சம்பளத்துடன் ஓய்வு தரலாம். சம்பளத்தை முதல் தேதியன்றே கொடுத்துவிடலாம். நாம் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் தொகை அவர் வீட்டின் இன்றைய அரிசி.

நம் சொசைட்டியின் வாட்ச்மேன் எந்த ஊர்க்காரர், அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சங்கத்தின் கல்வி உதவித் திட்டத்தில் ஓர் ஓரத்தை, வயலோரம் போல, தமிழரல்லாத ஏழை மாணவருக்கென்று விட்டுவைக்கலாம். இதைச் செயற்குழு ஆலோசிக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கே போதவில்லையே என்ற கேள்வி எழும், எழுவது நியாயமே. அறுபதில் ஒரு பங்கு என்ற கணக்கை அதற்காகவே மேலே குறிப்பிட்டேன்.

வந்த ஊரில் வேரூன்றிவிட்டோம் என்பதற்கு அடையாளம் சொந்த வீடும் ரேஷன் அட்டையும் மட்டுமல்ல. நமக்குப் பின்னால் மூட்டையுடன் வந்து நிற்பவரிடம், 'வாருங்கள், உட்காருங்கள், எந்த ஊர்?' என்று கேட்கும் மனம் நமக்கு வர வேண்டும். அந்த மனம் நம் பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டுமானால், அவர்கள் அதை நம் வீட்டில் கண்டிருக்க வேண்டும்.